விற்கப் போகிற வீட்டையும் பெருக்கி வைக்கணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



கோழி வளர்ப்பு, கறவை மாடு, சிறுதானியத் தின்பண்டம் பத்தியெல்லாம் எனக்கு முன்னால பேசினவங்க நல்லாவே சொல்லிட்டாங்க. என்னை எங்க அம்மா வீட்டை வித்த விவரத்தைப் பேசச் சொல்லியிருக்காங்க. வீட்டை விக்கிறது பெருமையா பேசுற விஷயமான்னு சிலர் நினைக்கலாம். நம்ம ஊர்ல வீடு வித்தாங்கன்னாலே ‘என்ன கஷ்டமோ’ன்னு குரலைத் தாழ்த்திதான் கேட்பாங்க. ஆனா இந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பல பேருக்கு அம்மா வீடோ மாமியார் வீடோ பூட்டிக் கிடக்கு. பிள்ளைங்க திருப்பூர், சென்னை, ஓசூர்னு போயிட்டாங்க. என்னைக்காவது ஒருநாள் அந்த வீட்டுக்கு ஒரு முடிவு எடுத்துத்தான் ஆகணும். அதுக்காகச் சொல்றேன்.

எங்க அம்மா வீடு இதே மேல்பட்டாம்பாக்கத்துல, ரயிலடிக்கு நடந்து போற தூரம். நாட்டு ஓடு போட்ட பழைய வீடு. பின்பக்கம் மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல்ல பின்கட்டு ஓடு மொத்தமும் பறந்துபோச்சு, அதுக்கு அப்புறம் அப்பா போட்ட ஷீட் அது. அப்பா காலமானதும் அம்மா எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. தம்பி வெளியூர்ல வேலை. அப்பாவோட ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கின கடன் 1,40,000 ரூபாய் வட்டியோட நின்னுச்சு. வீட்டை விக்கலாம்னு மூணு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ணினோம்.

முதல்ல வந்த தரகர் வீட்டுக்குள்ளேயே சரியா வரலை. வாசல்ல நின்னு ஓட்டைப் பார்த்தார், கொல்லையில முளைச்சிருந்த சீமைக் கருவேலத்தைப் பார்த்தார். “இடிக்கிற வீடுதானேம்மா, மனைக்கு மட்டும்தான் விலை, 7,20,000 வரும்”னு சொல்லிட்டு வண்டியை எடுத்தார். இந்த இடத்தை நல்லாக் கவனிங்க. பழைய வீட்டுக்கு விலை குறையுறது இப்படித்தான். பார்க்கிறவர் கண்ணுக்கு அது இடிக்கிற வீடா தெரிஞ்சா, சுவர், கதவு, தளம், கிணறு, கரண்டு இணைப்பு எல்லாத்துக்கும் விலை பூஜ்யம். இதுமட்டும் இல்லை, இடிக்கிற செலவையும் நம்ம விலையிலதான் கழிப்பாங்க. நாளைக்கே சாமானோட வந்து குடியிருக்கலாம்னு தெரிஞ்சா அதே வீட்டுக்கு வீட்டு விலை. அம்மா வீட்டுச் சுவரு ஒண்ணும் மோசமில்லை. பாழா தெரிஞ்சது பூட்டிக் கிடந்ததாலதான்.

வெளிநாட்டுல இதுக்குன்னே தொழில் பண்றவங்க இருக்காங்களாம். விக்கப் போற வீட்டுக்கு சோபா, கட்டில், படம், பூச்சாடி எல்லாம் வாடகைக்குக் கொண்டுவந்து வச்சு, ஆள் பார்த்துட்டுப் போனதும் திருப்பி எடுத்துட்டுப் போவாங்களாம். நமக்கு அது ஒத்துவராது. நம்மகிட்ட இருக்கிறது கை, துடைப்பம், சுண்ணாம்பு. பொங்கலுக்கு வருஷா வருஷம் செய்யுற வேலைதான், விக்கிறதுக்காக ஒரு தடவை செய்யணும்.

தம்பிக்கு வேற யோசனை. கூடத்துக்கு டைல்ஸ் போட்டா விலை ஏறும்னு சொல்லி, 65,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொண்டுவந்தான். நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். வாங்குறவங்களுக்கு நம்ம கலர் பிடிக்கணும்னு இல்லை, அவங்க எப்படியும் ஒருநாள் தங்கள் இஷ்டத்துக்கு மாத்தத்தான் போறாங்க. அவங்க பிறகு மாத்துற பொருளுக்கு நாம செலவு பண்ணக் கூடாது. அவங்க குடிவந்த அன்னைக்கே இல்லாம முடியாதுங்கிற விஷயத்துக்குப் பண்ணணும். ஒழுகாத கூரை, அடைக்காத கக்கூஸ், தண்ணி வர்ற குழாய், எரியுற விளக்கு, தாழ் விழுற கதவு. இதுதான் என் கணக்கு. இன்னைக்கும் அதை மாத்த மாட்டேன்.

குழுவுல உள்கடன் 25,000 எழுதினேன். ஒரு ரூபாய் வட்டி. வெளியில மூணு வட்டி, அஞ்சு வட்டிக்கு வாங்கியிருந்தா இந்த வேலையே அர்த்தமில்லாம போயிருக்கும். வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு 20,900.

கூரையில இருந்துதான் ஆரம்பிச்சோம். ஓடு மாத்துற ஆள் ரெண்டு நாள் வேலை பார்த்தார். பழைய ஓடு விக்கிற இடத்துல 120 ஓடு பொறுக்கி வாங்கினோம். புது ஓடு வாங்கினா திட்டுத்திட்டா தெரியும், அளவும் பொருந்தாது. கூரை முடிஞ்சதும் ஒரு நல்ல மழை வர்ற வரைக்கும் சுவரைத் தொடலை. மழை வந்து, எங்கேயும் சொட்டலைன்னு பார்த்த பிறகுதான் சுண்ணாம்பு. இந்த வரிசை முக்கியம். ஒழுகுற கூரைக்குக் கீழே வெள்ளையடிச்சா ஒரே மழையில மஞ்சள் கோடு இறங்கிடும்.

உள்ளே பூரா சுண்ணாம்பு, கொஞ்சம் நீலம். சுவர் சுரண்டுறதுக்கும் மட்டை பிடிக்கிறதுக்கும் என் குழுவுல அஞ்சு பேர் வந்தாங்க. கூலி வாங்கலை, ரெண்டு நாள் சோறும் டீயும்தான். அடுத்து அவங்க வீட்டுல வேலை வரும்போது நான் போகணும், அது கணக்குல இருக்கு. தெரு பார்த்த முன்சுவருக்கு மட்டும் பெயிண்டரைக் கூப்பிட்டு ஒயிட் சிமெண்ட்டும் பெயிண்ட்டும் அடிச்சோம். வாசல் திண்ணையோட சிவப்பு சிமெண்ட் தளம் அழுக்கேறி கறுப்பாக் கிடந்தது. சோப்புத் தண்ணி ஊத்தி நாரால தேய்ச்சு, காய்ஞ்சதும் தேங்காய் எண்ணெயைத் துணியில தொட்டுத் துடைச்சோம். பழைய சிவப்பு வந்துடுச்சு. டைல்ஸ்காரருக்குக் கொடுக்க இருந்த 65,000-ஐ நினைச்சு தம்பியே சிரிச்சான்.

கக்கூஸ் பத்தி மேடையில பேசக் கூச்சமா இருந்தாலும் சொல்லியாகணும். வீடு பார்க்க ஆம்பிளைங்கதான் முன்னால வருவாங்க, சுவரைத் தட்டுவாங்க, வாஸ்து பேசுவாங்க. கூட வர்ற பொம்பளைங்க நேரா சமையக்கட்டுக்கும் கக்கூஸுக்கும் போவாங்க. வேணும் வேண்டாம்னு சொல்றது அவங்கதான். அதனால செப்டிக் டேங்க் சுத்தம் பண்ண லாரி கூப்பிட்டோம். ஆளை உள்ளே இறக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம், லாரிதான் வரணும். உளுத்துப்போன மரக்கதவை எடுத்துட்டு பி.வி.சி. கதவு, ஒரு புதுக் குழாய், எல்.இ.டி. பல்பு ஒண்ணு. இருட்டான இடத்துல எவ்வளவு தேய்ச்சாலும் சுத்தம் தெரியாது.

பரண்ல இருந்தது இறக்க இறக்க வந்துகிட்டே இருந்துச்சு. ஓட்டைக் குடம், பழைய சைக்கிள், அப்பாவோட கரும்பு வெட்டுற கத்திகள், தம்பி ஆறாவது படிச்ச நோட்டு. எடைக்குப் போட்டதுல 3,100 ரூபாய் கிடைச்சது. அம்மாவுக்கு அது பிடிக்கலை, ஒவ்வொண்ணையும் கையில எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் விட்டாங்க. கூடத்துல மாலை போட்டிருந்த அப்பா படத்தைக் கழட்டும்போதுதான் அழுதாங்க. புதுசா வர்றவங்க கண்ணுல முதல்ல அது படக் கூடாதுன்னு சொல்லிப் புரியவைக்க எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது. படம் இப்போ எங்க வீட்டுல, அம்மா படுக்கிற இடத்துக்கு நேரா இருக்கு.

ஒரேயடியாக் காலி பண்ணவும் இல்லை. வெறும் வீடு சின்னதாத் தெரியும், பேசினா எதிரொலிக்கும். ஒரு கட்டில், ஒரு பாய், சமையக்கட்டுல அடுப்பும் நாலு பாத்திரமும், கொல்லையில அம்மியும் வச்சிருந்தோம். ஒரு மாசம் தினமும் காலையில போய் ஜன்னலெல்லாம் திறந்து, வாசல் தெளிச்சுக் கோலம் போட்டு, சாயங்காலம் விளக்கு வச்சுட்டு வருவேன். பூட்டின வீட்டுக்குன்னு ஒரு வாடை உண்டு, எலியும் வௌவாலும் சேர்ந்த வாடை. ஊதுவத்தி கொளுத்தினா அது போகாது. காத்தும் வெயிலும் பட்டாத்தான் போகும்.

இப்போ ஒரு சங்கடமான விஷயம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து பெஞ்ச மழையும், அதுக்குப் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்ததுல தென்பெண்ணையில வந்த வெள்ளமும் நம்ம மாவட்டத்துல யாருக்கும் மறக்காது. எங்க தெருவுக்கு ஆத்து வெள்ளம் வரலை, மழைத்தண்ணி வடியாம நின்னுச்சு. பின்கட்டுக்குள்ள ஒரு சாண் உயரம் ஏறி, சுவத்துல கோடு விழுந்திருந்தது. பெயிண்டர் சொன்னார், “அக்கா, அந்த இடத்துக்கு மட்டும் ரெண்டு கோட்டு கூட அடிச்சா யாருக்கும் தெரியாது. நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும்.” தம்பியும் சரின்னான். கடன்காரர் அவனுக்குத்தான் போன் பண்ணிக்கிட்டு இருந்தார், அவன் பயம் அவனுக்கு.

வீட்டைத் துடைச்சு வைக்கிறது வேற, குறையை மறைச்சு வைக்கிறது வேற. சுவருக்கு வெள்ளையடிக்கிறது என் உரிமை, அந்தச் சுவருக்கும் அடிச்சேன். ஆனா தண்ணி வந்துச்சான்னு கேட்டாலும் கேட்காட்டியும் சொல்லிடணும்னு அம்மாவும் நானும் தீர்மானமா இருந்தோம். எங்களுக்குப் பத்திரம் எழுதினவர் அப்புறம் சொன்னார், 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டத்துலயே இருக்காம்: வாங்குறவர் சாதாரணமாப் பார்த்தாத் தெரியாத பெரிய குறை விக்கிறவருக்குத் தெரிஞ்சிருந்தா, அதைச் சொல்லியாகணும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வாங்குறவங்க இதே ஊர்ல இருக்கப் போறாங்க. ரேஷன் கடை வரிசையில தினம் மூஞ்சியைப் பார்க்கணும். ஈரம் குடிச்ச சுவர்ல மறுபடி உப்புப் பூத்துப் பெயிண்ட் உரியும், அது யார் சொல்லியும் நிக்காது.

முதல்ல வந்த குடும்பம் தண்ணி விஷயத்தைக் கேட்டதும் திரும்பி வரவே இல்லை. தம்பி ரெண்டு நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. அதுக்கடுத்து இன்னொரு குழுவுல இருக்கிற அக்கா மூலமா ஒரு கணவன் மனைவி வந்தாங்க. தரகர் இல்லை. அவங்களைப் பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய், “இந்த உயரம் வந்துச்சு, ரெண்டு நாள் நின்னுச்சு, முன்கூடம் ரெண்டு படி உயரம், அங்கே ஏறலை, 2015 மழையில பின்கட்டுலயும் ஏறலை”ன்னு கையை வச்சே காட்டினேன். மதியானம் ஷீட்டுக்குக் கீழே சூடா இருக்கும்னும் சொன்னேன். அந்தம்மா கேட்டுட்டு, “பின்கட்டை நாங்க ரெண்டு அடி உயர்த்திக் கட்டிக்கிறோம்”னு அவங்க வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாங்க. தண்ணி வந்ததையே இவ்வளவு விவரமாச் சொல்றவங்க பத்திரத்துல ஏமாத்த மாட்டாங்கன்னு நினைச்சதா பிறகு என்கிட்ட சொன்னாங்க.

எதுக்கு விக்கிறீங்கன்னு எல்லாரும் கேட்பாங்க. அம்மா எங்களோட வந்துட்டாங்க, வீட்டைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னு சொன்னோம். அது உண்மை. கடன் கதையைச் சொல்லணும்னு அவசியமில்லை. வீட்டோட குறையை அவங்க தெரிஞ்சுக்கணும், நம்ம வீட்டு அவசரம் அவங்களுக்கு எதுக்கு?

சுண்ணாம்பு காயுறதுக்கு முன்னாலயே காகித வேலையை ஆரம்பிச்சிருந்தோம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல மனு கொடுத்தோம். வந்ததும் அப்பா பேர்ல இருந்த பட்டாவை மூணு பேர் பேருக்கும் மாத்தினோம். பேரூராட்சியில வீட்டு வரி, தண்ணி வரி பாக்கி கட்டி ரசீது வாங்கினோம். பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கத்தை நாமே காசில்லாம பார்க்கலாம், என் மகதான் போன்ல பார்த்துச் சொன்னா. மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, வரி ரசீது, கரண்டு அட்டை எல்லாத்துக்கும் நகல் எடுத்து ஒரே ஃபைல்ல வச்சு, வீடு பார்க்க வந்தவங்க கையில அப்படியே கொடுத்தோம். அசல் வீட்டுல பத்திரமா இருந்தது, யார் கேட்டும் கொடுக்கலை.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்லணும். அந்த முதல் தரகர் தம்பிகிட்ட ஒரு யோசனை சொல்லியிருந்தார். “அம்மாவையும் அக்காவையும் உன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்லு, ஒரே ஆள் கையெழுத்துன்னா விக்கிறது சுலபம்”னு. சொந்தத்துலயும் சிலர், “உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே”ன்னாங்க. அந்த வீடு அப்பா சம்பாதிச்சு வாங்கினது, உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்படிப்பட்ட சொத்துல மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு 1956-லேயே இருக்கு. பூர்வீகச் சொத்துல மகளுக்குப் பங்கு நம்ம தமிழ்நாட்டுல 1989-ல வந்துச்சு, நாடு முழுக்க 2005-ல. கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்கு வேற சட்டம், அவங்க விசாரிச்சுக்கணும். தம்பிகிட்ட நான் சண்டை போடலை. “மூணு பேரும் விக்கிறவங்களாவே கையெழுத்துப் போடுவோம், உனக்கு ஒரு லீவு நாள்தானே போகும், தனியா விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைச் செலவும் மிச்சம்”னேன். அவனும் ஒத்துக்கிட்டான். என்னோட பங்கைவிட எனக்கு அம்மா பங்குதான் பெரிசாப் பட்டுது. விடுதலை எழுதிக் கொடுத்திருந்தா, அம்மா பேர்ல ஒரு ரூபாய் நின்னிருக்காது. மகன் நல்லவனா இருக்கலாம், அதுக்காக அம்மா ஒவ்வொரு தடவையும் மாத்திரைக்குக் கை நீட்டணுமா?

விலை பேச்சு 9,20,000-ல நின்னுச்சு. இன்னும் 20,000 குறைங்கன்னு கேட்டாங்க. பத்திரச் செலவு அவங்களுடையது, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அப்போதான் நான் சொன்னேன்: 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரைக்கும் உள்ள சொத்தைப் பெண்கள் பேர்ல வாங்கிப் பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு. “அக்கா பேர்ல எழுதுங்க, 9,000-த்துக்கு மேல உங்களுக்கு மிச்சம். நாங்க 10,000 குறைச்சுக்கிறோம்.” அந்தம்மா சிரிச்சுட்டாங்க, அவங்க வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசிச்சார். 9,10,000-க்கு முடிஞ்சது. பத்திரம் அந்தம்மா பேர்ல ஆச்சு. அந்த அம்மியை விட்டுட்டுப் போங்கன்னு கேட்டாங்க, அம்மாவும் சரின்னுட்டாங்க.

பணத்தை ரொக்கமா வாங்கலை. அட்வான்ஸா இருந்தாலும் நிலம், வீடு விஷயத்துல 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டம் சொல்லுது. அட்வான்ஸ் வங்கி மூலமா வந்தது. மீதி, மூணு பேர் பேருக்கும் தனித்தனி டி.டி. சார்பதிவாளர் முன்னால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாலயே டி.டி.யைக் கையில வாங்கிப் பார்த்துக்கிட்டோம். பேசின முழு விலையையும் பத்திரத்துல எழுதினோம்.

முதல் தரகர் சொன்ன விலைக்கும் இதுக்கும் 1,90,000 வித்தியாசம். இதெல்லாம் சுண்ணாம்பால வந்துச்சுன்னு சொன்னா நீங்களே நம்ப மாட்டீங்க. ரயிலடி பக்கம், பட்டா சுத்தம், தரகு இல்லை, காத்திருக்க முடிஞ்சது, எல்லாம் சேர்ந்ததுதான். காத்திருக்க முடிஞ்சதுக்குக் காரணம் குழுக் கடன். அதை வீடு வித்த மறுவாரமே வட்டியோட கட்டிட்டேன், தீர்மான நோட்டுல இருக்கு.

அப்பாவோட கடனும் வீட்டுச் செலவும் போக ஆளுக்கு ஏறக்குறைய 2,50,000 வந்தது. தம்பி அவன் பங்கை அவன் வழியில வச்சுக்கிட்டான். அம்மாவுக்கு வயசு 64. தபால் ஆபீஸ்ல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல அவங்க பேர்லயே 2,50,000 போட்டோம். 8.2 சதவீத வட்டி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை 5,125 ரூபாய் அவங்க கணக்குக்கு வருது. நாமினி போடச் சொன்னப்ப தபால் ஆபீஸ்லயே அம்மா என்னையும் தம்பியையும் பார்த்து, “பாதிப் பாதி எழுதுங்க”ன்னு சொல்லிட்டு அவங்களே கையெழுத்துப் போட்டாங்க.

யாருக்காவது பட்டா மாறுதல், வாரிசுச் சான்று விஷயத்துல சந்தேகம்னா, என்னோட ஃபைல் நகல் குழுப் பெட்டியில வச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வந்தா பார்த்துக்கலாம்.